ரம் பாட்டிலுக்குள் நிற்கும் கப்பல்கள்

பாப்பா,

உன் கார்டு நேற்று வந்தது. கல்யாணம் வேண்டாம் என்கிற சமாசாரத்தை யாராவது கார்டில் எழுதுவார்களா? தபால்காரர் அதை என் கையில் கொடுக்கும்போதே, "கோவத்துல எழுதியிருக்கும் சார், நீங்க பொறுமையா சொல்லிப் பாருங்க" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு, உங்க ரோஷம், நீங்களே பாத்துக்குங்க" என்று அடுப்படிக்குப் போனவள்தான், இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் நான் ஒரு கவர் வாங்கிவந்து, மாட்டாஸ்பத்திரியில் மத்தியானம் மாடு எதுவும் வராத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

"எங்கப்பா கையால் செய்த கப்பலை எடுத்து ஒளித்துவைக்கச் சொல்கிற வீட்டுக்கு நான் மருமகளாகப் போக மாட்டேன், கீழ்பென்னாத்தூர்க்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கம்பவுண்டர் வேலையில் மாட்டுக்கு மருந்து கலக்கியே காலம் போன ஒருத்தனுக்காக இப்படி ஒரு பெண் சண்டை போடுகிறதே என்று நெஞ்சு நிறைந்துபோனது. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். அந்தப் பையனை உனக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டாலும் தெரியும். அவர்களிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும், மீதியைத் தெரிந்துகொண்டு நீயே ஒரு முடிவுக்கு வா.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு நடந்ததையே எடுத்துக்கொள். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் மாப்பிள்ளைப் பையன் மட்டும் பாட்டில் கப்பல்கள் அடுக்கியிருக்கிற நம் ஷோகேஸ் முன்னால் நின்றுகொண்டு, "இவ்ளோ சின்ன வாயில இவ்ளோ பெரிய கப்பல் எப்படிங்க உள்ள போச்சு?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ உள்ளேயிருந்து, "படுத்துக்கினே உள்ள போய் எழுந்து நின்னுக்கும்" என்று குரல் கொடுத்தாய். உன் பெரியப்பாவுக்கு முகம் சுருங்கியது, மற்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் பையனின் அம்மா திரும்பி ஷோகேஸைப் பார்த்தார். கையிலிருந்த காபி டம்ளரை அப்படியே கீழே வைத்தார். அதற்கப்புறம் அதைத் தொடவும் இல்லை, நம் யாருடனும் பேசவும் இல்லை. ரெண்டு நாள் கழித்துப் பையனின் சித்தப்பா வந்து, "பொண்ணு எல்லாருக்கும் புடிச்சிருக்கு சார். அந்த பாட்டிலுங்களை மட்டும் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்துடணும்னு அண்ணி சொல்றாங்க" என்றார். லீவு பாக்கி இருந்தும் நீ அன்றைக்கே மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டாய். நானும் உன்னைத் தடுக்கவில்லை. பெரிய இடத்து மிதப்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

இந்தக் கப்பல் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று நீ சின்னவளாக இருந்தபோது கேட்டுக்கொண்டே இருப்பாய், நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்வேன். நிஜம் இதுதான். ரமணாசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு வாடகை அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், வண்டியில் அடிபட்ட தெருநாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கால் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு அனுப்பினோம். தினமும் அவ்வளவு தூரம் தூக்கி வர வேண்டாமே என்று, நான் வேலை முடிந்து போகிற வழியில் அவர் அறைக்கே போய் நாய்க்குக் கட்டு மாற்றிவிடுவேன். அவர் ஜன்னலில் ஒரு பாட்டில் படுத்திருந்தது. உள்ளே பாய் விரித்த கப்பல். கண்ணாடியை உருக்கிக் கப்பலைச் சுற்றி ஊதியிருப்பார்கள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவருக்கு என் இங்கிலீஷ் புரியவில்லை, எனக்கு அவருடைய இங்கிலீஷ் புரியவில்லை. ஒரு நாள் அவர் செய்துகொண்டிருந்த புதுக் கப்பலைப் பாய்மரங்களைப் பின்னால் சாய்த்துப் படுக்கவைத்துப் பாட்டில் கழுத்துக்குள் நுழைத்து, வெளியே தொங்கிய நூலை மெள்ள இழுத்தார். மூன்று மரமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றன. பாப்பா, அதுவரைக்கும் கன்றுக்குட்டி பிறந்து முதல்தடவை எழுந்து நிற்கிறதைத்தான் நான் வாய் திறந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இதையும் அப்படித்தான் பார்த்தேன்.

அவர் ஊருக்குப் போய்விட்டார், நாய் ஆசிரமத்து வாசலிலேயே இருந்துவிட்டது, எனக்குப் பைத்தியம் தங்கிவிட்டது. கட்டை சீவ ஆப்பிள் பெட்டிப் பலகை. பாய்மரத்துக்கு விளக்குமாற்றுக் குச்சி. மாட்டுக் காயத்துக்குத் தையல் போடுகிற பட்டு நூலில் மிச்சம் மீதி. பாய்க்கு என் பழைய வேட்டிக் கிழிசலைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கினேன். கடலுக்கு ஜன்னல் கண்ணாடி ஒட்டுகிற பட்டியில் சலவை நீலத்தைப் பிசைந்தேன். எல்லாம் கிடைத்துவிட்டது, பாட்டில் மட்டும்தான் திண்டாட்டம். மருந்து பாட்டில் எல்லாம் காவி நிறம், உள்ளே இருப்பது தெரியாது. குளுக்கோஸ் பாட்டிலில் நெடுக அளவுக்கோடு. பளிங்கு மாதிரி கண்ணாடியும், உருளாமல் படுக்கிற தட்டை உடம்பும் ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான் உண்டு. அது நம் எதிர்வீட்டு சுபேதாருக்கு மிலிட்டரி கேன்டீனிலிருந்து வருகிற ரம் பாட்டில். ஊரில் மதுவிலக்கு. சுபேதாருக்கு மட்டும் பர்மிட் உண்டு. அவர் காலி பாட்டிலைக் கொடுப்பார், நான் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடப்பேன். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. உன் தாய்மாமன் ஒரு நாள் நேராக வந்து என் வாயை முகர்ந்தே பார்த்துவிட்டார். அம்மா அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, அப்புறம் உள்ளே வந்து தன் பங்குக்குத் தானும் ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள்.

"கடலே இல்லாத ஊர்ல கப்பல் எதுக்கு சார்? நம்ம பெரிய தேரைப் பண்ணி உள்ள வைங்க, ஊரே வாங்கும்" என்று பக்கத்துத் தெருக் குருக்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் ஆசை வந்து தேர்க்கால் செதுக்கக்கூட ஆரம்பித்தேன். அப்புறம் அவருக்கே யோசனை வந்துவிட்டது. "ஏன் சார், உள்ள சாமியும் இருப்பாரு இல்ல? மூடி போட்டு அடைச்சுடுவீங்களா? அதுவும் அந்த பாட்டில்லயா?" என்று கேட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். தேர் அதோடு நின்றது. செதுக்கின சக்கரத்தை நீதான் எடுத்துக்கொண்டுபோய்த் தெருவில் உருட்டி விளையாடினாய்.

உன் ஸ்கூல் எக்ஸிபிஷன் ஞாபகம் இருக்கிறதா? அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு கப்பலைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய். கண்ணாடியில் மிலிட்டரி கேன்டீன் முத்திரை பளிச்சென்று தெரிய, டீச்சர் பதறிப்போய்ப் பாட்டிலைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து பார்த்தால், நீ அழாமல் கல்லு மாதிரி நின்றுகொண்டிருக்கிறாய். "எங்கப்பா குடிக்கிறவரு இல்ல டீச்சர். அதுல இருக்கறதை சுபேதார் தாத்தாதான் குடிச்சாரு. எங்கப்பா கப்பல்தான் வெச்சாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து வரும்போதுதான் அழுதாய், "உன்னை தப்பா நினைச்சுட்டாங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி. அன்றைக்கு இருந்த அதே பெண்தான் இப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்துகொண்டு கார்டு எழுதுகிறது. கொஞ்சமும் மாறவில்லை.

இந்த இடத்தில் நான் ஏதாவது உபதேசம் ஆரம்பிப்பேன் என்று நினைத்திருப்பாய். படுத்துக்கொண்டு போனால்தான் கப்பல் உள்ளே நுழையும், அதுபோலப் பெண்ணும் பணிந்து போக வேண்டும் என்று. அதை உன் பெரியப்பா சொல்வார், கல்யாண வீட்டில் மைக் கிடைத்தால் நிச்சயம் சொல்வார். நான் சொல்ல மாட்டேன். கட்டையும் குச்சியும் வேறே, நீ வேறே. யாருக்காகவும் நீ படுத்துக்கொண்டு நுழைய வேண்டாம். எனக்குத் தெரிந்து கல்யாணத்துக்கு வேண்டியது ஒன்றுதான். ஒருத்தர் ஒன்று சொன்னால், ஏன் சொல்கிறார் என்று கேட்காமல் கதவைச் சாத்திவிடக் கூடாது. நானும் உன் அம்மாவும் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம், கேட்டபிறகு பாதிச் சண்டை காணாமல் போயிருக்கிறது. மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது, அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதனால் நான் போய்க் கேட்டேன். உன்னிடம் சொல்லாமல் போனதற்கு நீ கோபித்துக்கொள்ளலாம். போன வாரம் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனேன். கையில் பாட்டில் எடுத்துப் போகவில்லை. வீட்டில் பையனின் அம்மா மட்டும்தான் இருந்தார், மணிலாக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க" என்று சொல்லிவிட்டு அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார். எனக்கும் தெரியவில்லை. நல்ல வேளை, கொட்டகையில் ஒரு மாடு கத்தியது. கன்று போட்டுச் சில நாள்தான் ஆகிறதாம், மடி கல்லாக இறுகிக் கன்றை உதைத்துத் தள்ளுகிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்து, வெந்நீர்த் துணி வைத்து மெள்ளப் பிடித்துவிட்டுக் கெட்டுப்போன பாலைக் கறந்தேன். டாக்டரிடம் ஊசிக்குச் சொல்லியனுப்பலாம் என்றேன். எனக்கு நாற்காலியில் உட்கார்ந்து பேசத் தெரியாது, மாட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு வரும். அந்த அம்மாவும் அப்படித்தான் போலிருக்கிறது. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே அவராகவே ஆரம்பித்தார்.

"உங்களை தப்பா நினைச்சு சொல்லலைங்க. நீங்க குடிக்கிறவரு இல்லன்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தோம்" என்றார். "எங்கப்பா மிலிட்டரியில இருந்தாரு. ரிட்டையர் ஆகி வந்தப்புறம் அந்த பாட்டில்தான் எங்க வீட்ல எல்லாம். அதே பாட்டிலுங்க. அதே தட்டை பாட்டில். காலி ஆனதும் கழுவி வெக்கறது என் வேலை. மணல் போட்டு, சாம்பல் போட்டு, சோடா போட்டு கழுவுவேன். அதுல எங்கம்மா நல்லெண்ணெய் ஊத்தி வெப்பாங்க. அதை தலைக்கு தடவிக்கினு ஸ்கூலுக்கு போனா, பக்கத்துல உக்கார்ற பொண்ணு தள்ளி உக்காரும். எவ்ளோ கழுவினாலும் போகாதுங்க அது." மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தார். அப்புறம், "நிலமெல்லாம் போச்சு. எங்கம்மாவை அந்த பாட்டிலாலேயே அடிச்சிருக்காரு. இங்க, அவங்க புருவத்துக்கு மேல இன்னும் தழும்பு இருக்கு. உங்க வீட்ல அத்தினி பாட்டிலை வரிசையா பார்த்தேனா, எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. காபி இறங்கலைங்க. நீங்க என்ன நினைச்சிருப்பீங்களோ" என்றார்.

பாப்பா, அந்தப் பாட்டில்களை நானும்தான் கழுவியிருக்கிறேன். உமியும் சோடாவும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்திருக்கிறேன். அந்த வாடை முழுக்கப் போகாது என்று எனக்கும் தெரியும். அதை மூடி போட்டு அடைத்துவிட்டு, உள்ளே இருக்கிற கப்பலைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள் என்று இருந்துவிட்டேன். மிதப்புக்காரி என்று நான் நினைத்த மனுஷி, மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசுகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாடு வாலால் அடித்ததாகச் சாக்குச் சொல்லித் துடைத்துக்கொண்டேன். "ஒரு தடவை வீட்டுக்கு வந்து கிட்ட நின்னு பாருங்கம்மா. பார்த்துட்டு எடுக்கச் சொன்னா எடுத்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வருவார் என்று நான் நினைக்கவில்லை. முந்தாநாள் கோயிலுக்கு வந்தவர், தரிசனம் முடிந்து பிரசாதத்தோடு தனியாக நம் வீட்டுக்கு வந்து நின்றார். உன் அம்மா கொடுத்த காபியை இந்தத் தடவை முழுக்கக் குடித்தார். அப்புறம் ஷோகேஸ் கிட்டே போனார். நான் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாய், கயிறு, தண்ணீரில் நான் சுண்ணாம்பால் இழுத்த நுரை எல்லாவற்றையும் பார்த்தார். "இதுல மேல ஏறிப்போற ஏணிகூட இருக்குங்களே" என்றார். அது உனக்காக வைத்த ஏணி. உள்ளே இருக்கிறவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று நீ ஒரு நாள் சாப்பிடாமல் அழுதாயே, அதற்காக வைத்தது. சொன்னேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க வீட்டு பாட்டில் எல்லாம் காலியாத்தாங்க கிடந்தது. இதுல ஒரு கப்பலாவது இருக்கே" என்றார்.

அதோடு முடிந்தது என்று உன் அம்மா முகம் மலர்ந்து ஸ்வீட் எடுக்கப் போனாள். ஆனால் அவர் பாட்டிலைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டு, "நான் பார்த்துட்டேங்க. எனக்கு இனிமே ஒண்ணும் இல்ல. ஆனா கல்யாணத்துக்கு எங்கம்மா வருவாங்க. மண்டபத்துக்கு போறதுக்கு முன்னாடி பொண்ணு வீட்டுக்கு வந்துட்டுத்தான் போவாங்க. அவங்களுக்கு கண்ணு மங்கிப்போச்சு. உள்ள இருக்கற கப்பல் தெரியாது. பாட்டில் மட்டும்தான் தெரியும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எடுத்துவிடுங்கள் என்று இந்தத் தடவை வாயைத் திறந்துகூடச் சொல்லவில்லை.

நான் எடுத்துவிட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எடுக்க வைக்கவில்லை, வெட்கப்பட்டும் எடுக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் நானே ஒவ்வொன்றாகத் துடைத்து, வைக்கோலில் பொதிந்து, மரப்பெட்டியில் வைத்தேன். கல்யாணம் முடிந்து, அந்தப் பாட்டியம்மா ஊருக்குப் போனபிறகு திரும்ப எடுத்து வைப்பேன். அப்போது நீயும் மாப்பிள்ளையும் வந்தால், அவனுக்கு நூலை இழுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன், அன்றைக்கு அதைத்தானே கேட்டான். கல்யாணமே வேண்டாம் என்று நீ சொன்னாலும் சரிதான், பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் பழையபடி அடுக்கிவிட்டு, உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அம்மாவையும் கேட்கவிட மாட்டேன். அப்பாவுக்காக வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. அப்பாவுக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

தன் அம்மா கண்ணில் அந்தப் பாட்டில் பட்டுவிடக் கூடாது என்று அந்த அம்மா தயங்கித் தயங்கி வந்து நம் வீட்டில் நின்றார். உன் அப்பா தலை குனிந்துவிடக் கூடாது என்று நீ உனக்குப் பிடித்த கல்யாணத்தையே வேண்டாம் என்று எழுதினாய். ரெண்டு பேரும் ஒரே ரகம், பாப்பா. அந்த வீட்டில் உன்னைப் புரிந்துகொள்ள ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார்.

உன் அப்பா